தாளத்தில் நிற்காத குரல்

“எம் வீட்டுக்காரி ஏன் டீச்சர் தாளத்துல நிக்க மாட்டேங்கா?”

சூசை மிக்கேல் இப்படிக் கேட்டபோது ஹெப்சிபா முந்திரியும் முட்டை வெள்ளையும் அடித்துச் சுட்ட மக்ரூன் தின்றுகொண்டிருந்தாள். பொட்டலத்தை அவர் பக்கம் தள்ளினாள்.

“வேண்டாம் டீச்சர். சீனி.”

“வெறும் காத்துதான் அண்ணாச்சி. ஒண்ணு எடுங்க.”

அவர் எடுக்கவில்லை.

தூத்துக்குடியில் ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் ஒரு மாடி அறை. அங்கேதான் ஹெப்சிபா பாட்டு பதிவு செய்து கொடுத்தாள். கம்ப்யூட்டரில் பாட்டு சேர்க்கும் வேலையைக் கேட்டு வருகிறவர்களுக்குச் சொல்லியும் கொடுத்தாள். கீழே ஐஸ் உடைக்கும் மிஷின் ஓடினால் அறையே நடுங்கும். அது ஓடும்வரை யாரும் பாட முடியாது. சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அவளிடம் படித்தவர்கள் முதலில் படித்தது அந்தச் சும்மா இருப்பதைத்தான்.

சூசை மிக்கேல் அவளைவிட ஒரு தலைமுறை மூத்தவர். கல்யாண மேடைகளில் கீபோர்டு வாசித்துத் தலை நரைத்தவர். ஆனாலும் சொல்லிக்கொடுக்கிறவள் என்பதால் டீச்சர் என்றார். அவள் அவரை அண்ணாச்சி என்றாள்.

அவருடைய மனைவி பிலோமி மஸ்கட்டில் இருந்தாள். ஒரு வீட்டில் சமையல். அந்த வீட்டுப் பெரியம்மாவைப் பார்த்துக்கொள்வதும் அவள்தான். ஒரு மத்தியான நேரம், பெரியம்மா தூங்கின பிறகு, அடுக்களையில் நின்று போனில் ஒரு பாட்டைப் பாடி அனுப்பியிருந்தாள். தாளக்கட்டு எதுவும் இல்லாமல் வெறும் குரல்.

அதற்கு டிரம் சேர்த்து, கீபோர்டு சேர்த்து, முழுப் பாட்டாக்கி அவளுக்கே திருப்பி அனுப்ப வேண்டும். சூசை மிக்கேலுக்கு அதுதான் ராத்திரி பகலாய் நினைப்பு.

“இங்க பாருங்க.” அவர் திரையில் விரலை வைத்தார். “இது நான் போட்ட டெம்போ, பாட்டோட வேகம். இந்தக் கோடெல்லாம் தாளம். இவ இந்தக் கோட்டுல விழணும். பிந்தி விழுதா. அடுத்ததுல முந்துதா. அதுக்கடுத்து ரொம்பப் பிந்துதா. மேடையில இப்படிப் பாடவே மாட்டா. அங்க போயி எல்லாத்தையும் மறந்துட்டா.”

ஹெப்சிபா எட்டி, திரையை அணைத்தாள்.

பாட்டு மட்டும் ஓடியது. பிலோமியின் குரல் அறைக்குள் வந்து நின்றது.

“இப்பச் சொல்லுங்க. எங்க பிந்துதாங்க?”

சூசை மிக்கேல் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். ஒரு சரணம் போயிற்று.

“திரை இல்லாம எப்படிச் சொல்றது?”

“கோட்டப் பாத்தாத்தான் தெரியுமோ?”

“பின்ன?”

“கோட்ட யாரு போட்டா?”

“நாந்தான்.”

“எப்பப் போட்டீங்க?”

“போன வாரம்.”

“பிலோமி அக்கா எப்பப் பாடினாங்க?”

“அதுக்கு முந்தியே பாடி அனுப்பிட்டாளே.”

“அப்ப யாரு அண்ணாச்சி பிந்தினது?”

கீழே மிஷின் ஓட ஆரம்பித்தது. அன்றைக்குப் பாடம் அவ்வளவுதான்.

*

வீட்டுக்கு வந்து அவர் அந்தப் பேச்சை ஒதுக்கி வைத்தார். வேலை தெரியாதவர்கள் பேசுகிற பேச்சு அது என்று தோன்றியது. டெம்போ சரியில்லை என்றால் டெம்போவை மாற்றினால் போயிற்று. அவள் பிந்துகிற இடத்தில் குறைக்கலாம், முந்துகிற இடத்தில் கூட்டலாம். கம்ப்யூட்டரில் அதற்கெல்லாம் வழி இருக்கிறது.

மாற்றினார்.

இரண்டு மூன்று வாரம் கழித்து வந்தபோது கண் சிவந்திருந்தது.

“டீச்சர், நடுவுல டெம்போவக் குறைச்சேன். டிரம் நகருது. கீபோர்டு நகருது. இவ நகர மாட்டேங்கா. அங்கனயே நிக்கா. ஒவ்வொரு தடவ மாத்தும்போதும் எனக்கும் அவளுக்கும் தூரந்தான் கூடுது.”

ஹெப்சிபா எட்டிப் பார்த்தாள்.

“அக்காவ எதுல கட்டியிருக்கீங்க?”

“கட்டுறதா?”

“ஒவ்வொரு குரலையும் ஒண்ணுல கட்டணும். ஒண்ணு தாளத்துல கட்டணும், இல்ல கடிகாரத்துல கட்டணும். தாளத்துல கட்டினது டெம்போ மாறினா கூட மாறும். கடிகாரத்துல கட்டினது, நீங்க என்ன தாளம் போட்டாலும் அந்த மணிக்கு அந்த இடத்துலதான் நிக்கும். உங்க டிரம் தாளத்துல கட்டியிருக்கு. அக்கா கடிகாரத்துல.”

“அது சரிதான்,” என்றார் அவர். “அங்க அவளுக்கு எல்லாம் மணிக் கணக்குதான். எந்திரிக்க ஒரு மணி, மாத்திர கொடுக்க ஒரு மணி.”

“மாத்திக் கட்டிப் பாருங்க.”

அவர் பிலோமியைத் தாளத்தில் கட்டினார். கோடுகளுக்குள் இழுத்து வைத்தார். இப்போது திரையில் எல்லாம் வரிசையாய் உட்கார்ந்திருந்தது. பார்க்கவே நிறைவாக இருந்தது.

பாட்டை ஓட விட்டார்.

குரல் ரப்பரைப்போல இழுபட்டது. ஒரு இடத்தில் கிணற்றுக்குள் இருந்து பேசுவதுபோல இருந்தது. இன்னொரு இடத்தில் யாரோ விரட்ட ஓடுகிறவளின் குரல்.

ஹெப்சிபா ஸ்பீக்கர் பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

“தாளம் சுத்தமா இருக்கு அண்ணாச்சி. யாரு பாடுறது?”

சூசை மிக்கேல் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு, கழற்றியது போதாது என்பதுபோல, அதைத் தொலைவாகத் தள்ளியும் வைத்தார்.

“இதுக்கு என்ன அப்படி அவசரம்?” என்று அவள் கேட்டாள்.

“இந்த மாசக் கடைசியோட அவ ஒப்பந்தம் முடியுது. மறுபடி போடவான்னு அந்த வீட்டுல கேக்காங்களாம். கையெழுத்துப் போட்டுட்டான்னா இன்னும் ரெண்டு வருஷம்.”

“வரச் சொல்லிக் கேட்டீங்களா?”

அவர் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலில் ஒன்றும் இல்லை. ஐஸ் கம்பெனியின் தகரக் கூரைதான் இருந்தது.

“அவ போகும்போது போகாதேன்னு நான் சொல்லல. நமக்கும் கச்சேரி கொறஞ்சு போச்சு. பெட்டிய நாந்தான் தூக்கிக் கொடுத்தேன். இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வான்னு சொல்ல?”

“அதுக்காகப் பாட்டா?”

“பாட்ட நல்லபடியா முடிச்சு அனுப்பிட்டேன்னா அவளுக்கே தோணிரும்.”

“பாட்டக் கேட்டு எந்திரிச்சு வாறதுக்கு அக்கா என்ன பாம்பா?”

அவருக்குச் சிரிப்பு வந்தது. வந்ததை அடக்கிக்கொண்டார்.

“நீங்க ஏன் இதுல பாடல? இது ரெண்டு பேரு பாட்டுதானே?”

“தொண்ட சரியில்ல.”

“எப்ப இருந்து?”

“அவ போனதுல இருந்து.”

ஹெப்சிபா பொட்டலத்தை மூடி ரப்பர் மாட்டினாள்.

“நாளைக்கு வாங்க. வரும்போது ஒரு பாக்கெட் மக்ரூன் வாங்கிட்டு வாங்க. புதுசா இருக்கணும்.”

*

அது அவர்களுடைய கச்சேரிப் பாட்டு. சூசை மிக்கேலே கட்டினது. பெண்டாட்டி கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விடுகிறாள். புருஷன் பின்னாலேயே போய் வாசலில் நிற்கிறான். அவள் ஒரு வரி குத்திப் பாடுவாள், அவன் ஒரு வரி கெஞ்சிப் பாடுவான். எந்தக் கல்யாணத்தில் பாடினாலும் பந்தியில் இருக்கிறவர்கள்கூட எழுந்து வந்து பார்ப்பார்கள்.

போனில் அவன் வரிகளையும் பிலோமியே பாடியிருந்தாள். இவர்தான் நீயே முழுசும் பாடிவிடு என்று சொல்லியிருந்தார். ‘சோத்துல உப்பில்ல, சொல்லவும் ஆளில்ல’ என்கிற வரியை இவரைப்போலவே மூக்கால் பாடியிருந்தாள். முதல் தடவை கேட்டபோது அவர் தனியாக உட்கார்ந்து சிரித்தார். சிரித்து முடித்ததும் வீடு முன்னைவிட அமைதியாகிவிட்டது.

மறுநாள் மக்ரூனோடு வந்தார்.

ஹெப்சிபா ஒன்றைத் தின்று பார்த்தாள். தலையை ஆட்டினாள். பிறகு கம்ப்யூட்டரைக் காட்டினாள்.

“எல்லாத்தையும் அழிங்க.”

“எல்லாத்தையுமா?”

“கோடு, டிரம், கீபோர்டு எல்லாம். அக்கா போன்ல அனுப்பினது இருக்குல்ல, தொடாதது, அதை மட்டும் போடுங்க.”

“ஒரு மாச வேலை டீச்சர்.”

“இதையா அண்ணாச்சி ஒரு மாசமா செஞ்சீங்க?”

அவர் பெருமூச்சு விட்டு அழித்தார். திரை வெறிச்சென்று ஆயிற்று. ஒரே ஒரு குரல் மட்டும் நடுவில், எந்தக் கோடும் இல்லாமல்.

“இப்ப தாளம் போடுங்க. நீங்களா போடக் கூடாது. அக்கா எங்க போடுதாங்களோ அங்க.”

அவர் ஆள்காட்டி விரலால் மேசையில் தட்ட ஆரம்பித்தார். டக், டக், டக். மேடையில் பழகின விரல். கனமாக விழுந்தது. இரண்டு வரி போவதற்குள் பிலோமி ஒரு பக்கமும் விரல் ஒரு பக்கமும் பிரிந்தன.

“முந்துதீங்க.”

“அவ பிந்துதா.”

“அவங்க முந்தியே பாடிட்டாங்க.”

அவர் மறுபடி தட்டினார். மறுபடி பிரிந்தது. மறுபடியும் தட்டினார். அவருக்கே எரிச்சல் வந்தது.

“சத்தமா தட்டாதீங்க,” என்றாள் ஹெப்சிபா.

“தட்டினாத்தானே தாளம்?”

அவள் பொட்டலத்திலிருந்து ஒரு மக்ரூனை எடுத்து அவர் விரலுக்கு நேராக மேசையில் வைத்தாள்.

“இதுமேல தட்டுங்க. உடையக் கூடாது.”

“என்ன டீச்சர் விளையாட்டு?”

“உடைஞ்சா எனக்கு.”

முதல் வரியிலேயே உடைந்தது. அவள் எடுத்துத் தின்றாள். இன்னொன்று வைத்தாள். அதுவும் உடைந்தது. அதையும் தின்றாள்.

“இப்படியே போனா எனக்கு ராத்திரிச் சாப்பாடு வேண்டாம்,” என்றாள்.

அவர் விரலைப் பார்த்தார். வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தது. இதுவரை இந்த விரல் எதையும் உடைக்காமல் தொட்டதுண்டா என்று யோசிப்பவர்போலப் பார்த்தார்.

அடுத்ததில் விரல் இறங்கும்போதே தயங்கியது. தொட்டும் தொடாமலும் இறங்கியது. சத்தமே இல்லை. தன் தட்டின் சத்தம் இல்லாதபோது அவருக்கு அவள் சத்தம் கேட்டது.

எங்கே மூச்சு இழுக்கிறாள் என்று கேட்டது. மூச்சுக்கு அப்புறம் ஒரு சின்னத் தயக்கம், அதன்பின் வார்த்தை. அந்தத் தயக்கம் அவருக்குத் தெரியும். மேடையில் அந்த இடத்தில்தான் அவள் திரும்பி அவரைப் பார்ப்பாள். பார்த்துவிட்டுத்தான் அடுத்த வார்த்தையை எடுப்பாள். விரல் அங்கே தானாகவே காத்திருந்தது.

மக்ரூன் உடையவில்லை.

ஒரு சரணம் போயிற்று. இன்னொரு சரணம் போயிற்று. ஹெப்சிபா தின்பதை நிறுத்தியிருந்தாள்.

பிறகு பிலோமியின் குரல் நின்றது.

அவர் விரல் அந்தரத்தில் நின்றது.

“ஏன் நிறுத்திட்டீங்க?”

“இங்க அவ பாடல டீச்சர். ஒரு வரி விட்டுப் போச்சு. அந்தப் பெரியம்மா கூப்பிட்டிருக்கும். போயிட்டு வந்து அடுத்த வரியப் பிடிச்சிருக்கா. இந்தக் காலிய நான் அப்பமே வெட்டிட்டு, ரெண்டு பக்கத்தையும் இழுத்து ஒட்டிட்டேன். ஒட்டு தெரியாம அங்க கீபோர்டு வச்சிருந்தேன். இதத் தாண்டிப் போங்க.”

“காலியா?”

“ஒண்ணுமே இல்லயே. திரையைப் பாருங்க, குரலோட அலையே இல்ல.”

“பஸ்ல துண்டு போட்டு வச்ச சீட்டும் பாக்கக் காலியாத்தான் இருக்கும்,” என்றாள் ஹெப்சிபா.

அவருக்குப் புரியவில்லை.

“உக்காந்து பாருங்க. யாராவது சண்டைக்கு வருவாங்க.”

அவள் பாட்டை அந்த இடத்துக்குத் திரும்பக் கொண்டுவந்து, சத்தத்தை முழுக்கக் கூட்டினாள். ஹெட்போனை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

அதற்குள் கீழே மிஷின் ஓட ஆரம்பித்தது. அது நிற்கும்வரை இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். வழக்கமாக அந்த நேரத்தில் சூசை மிக்கேல் கடிகாரத்தைப் பார்ப்பார், காலை ஆட்டுவார். அன்றைக்கு ஹெட்போனை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

மிஷின் நின்றது.

அவர் மாட்டிக்கொண்டார்.

முதலில் இரைச்சல்தான். அடுக்களை இரைச்சல். எங்கேயோ ஃபிரிட்ஜ் ஓடுகிறது. அதற்கு அடியில், மிக மெதுவாக, ஒரு சத்தம்.

டிக்.

அவர் நிமிர்ந்தார்.

டிக். டிக்.

சமையல் மேடைக் கல்லில் மோதிரம் தட்டும் சத்தம். பிலோமியின் வலது கை மோதிரம், மேடையில் மைக் கம்பியில் தட்டுவாளே, அது.

யாரும் அவளைக் கூப்பிடவில்லை. அவள் எங்கேயும் போகவில்லை. அங்கேயே நின்று தாளம் போட்டுக்கொண்டிருந்தாள்.

யாருக்கு?

இது எந்த வரி என்று அப்போதுதான் அவர் நினைத்துப் பார்த்தார். நினைக்க வேண்டிய அவசியமே இல்லாத வரி. புருஷன் கடைசியில் கெஞ்சுகிற வரி. மற்ற எல்லா வரிகளையும் அவள் அவருக்காகப் பாடிக் கொடுத்திருந்தாள், மூக்கால் பாடுவது உட்பட. இந்த ஒன்றைப் பாடவில்லை.

வாசல் தொறந்தே வச்சிருக்கேன், வந்துரு வந்துரு என் தாயீ.

அவர் உதடுகள் அசைந்தன. மோதிரம் தட்டியது. இரண்டாவது ‘வந்துரு’வில் அவர் எப்போதும் இழுப்பார். கூட்டம் விசிலடிக்கும். அது அடங்கும்வரை இழுத்துக்கொண்டே நின்று, பிறகுதான் ‘என் தாயீ’ என்று இறங்குவார். தாளத்துக்கு ஒத்து வராத இழுப்பு. டிரம் வாசிக்கிறவன் அதற்காகவே அவரைத் திட்டுவான்.

மோதிரம் அந்த இடத்தில் மெதுவாயிற்று.

அவர் உதடுகள் இழுத்தன. மோதிரம் காத்திருந்தது. அவர் இறங்கினார். மோதிரமும் இறங்கியது.

அவர் ஹெட்போனைக் கழற்றவில்லை. மறுபடி பின்னே தள்ளி ஓட விட்டார். மறுபடியும் கேட்டார். கன்னத்தில் இறங்கினதைத் துடைக்கவும் இல்லை. துடைத்தால் அந்தச் சத்தத்தில் மோதிரம் கேட்காது.

ஹெப்சிபா எழுந்து போய் மைக்கை இழுத்து அவர் முன்னால் வைத்தாள். ஸ்டாண்டின் உயரத்தை அவருக்குத் தக்கபடி ஏற்றினாள்.

“கோடு எங்க டீச்சர் போடணும்?” என்றார் அவர். குரல் உடைந்திருந்தது.

“மோதிரம் எங்க தட்டுதோ அங்க.”

அவர் போட்டார். ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு கோடு. திரையில் கோடுகள் ஒரு இடத்தில் நெருங்கி, ஒரு இடத்தில் விலகி, ஒரே அளவில்லாமல் நின்றன. ஒரு மாதமாக அவர் திருத்திக்கொண்டிருந்த தப்பு முழுவதும் அப்படியே திரையில் இருந்தது.

“மிஷின் நின்னிருக்கு,” என்றாள் ஹெப்சிபா. “பாடுங்க.”

அவர் மைக் முன்னால் போய் நின்றார். பிலோமி பாடி வந்தாள். அவள் வரி முடிந்தது. மோதிரம் தட்ட ஆரம்பித்தது.

அவர் வாய் திறக்கவில்லை.

மோதிரம் தட்டி முடித்தது. பிலோமி அடுத்த வரிக்குப் போய்விட்டாள்.

“இன்னொரு தடவையா?”

“இல்ல டீச்சர்.”

“தொண்டையா?”

“தொண்டை இல்ல. இத நேரா சொல்லாம பாட்டுல சொல்லி அனுப்புனா, அது மேடையில பாடின மாதிரிதான் இருக்கும்.”

ஹெப்சிபா கதவைத் திறந்து விட்டாள்.

அவர் மாடிப்படியில் போய் உட்கார்ந்தார். கீழே லாரியில் மீன் பெட்டிகளுக்கு ஐஸ் வாரிக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். மஸ்கட்டில் இப்போது மத்தியானம். பெரியம்மா தூங்கியிருக்கும்.

போனைப் போட்டார். இரண்டு தரம் மணி அடிப்பதற்குள் எடுத்துவிட்டாள்.

“என்னங்க, இந்த நேரத்துல? உடம்புக்கு என்ன?”

“உடம்புக்கு ஒண்ணுமில்ல.”

“பாட்டு முடிஞ்சுதா?”

“முடியல.”

“இன்னுமா? ஒரு மாசமா என்ன செய்தீங்க?”

“உன்னத் திருத்திக்கிட்டு இருந்தேன்.”

“திருந்திட்டேனா?”

“இல்ல.”

அவள் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “சீக்கிரம் சொல்லுங்க. பெரியம்மா இப்பத்தான் கண்ண மூடினாங்க.”

“பிலோமி.”

“ம்.”

“கையெழுத்துப் போட்டுட்டியா?”

“இல்ல. பேனா இன்னும் இந்த வீட்டுக்காரங்க கையிலதான் இருக்கு. ஏன்?”

கீழே கொட்டுகிற ஐஸைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

“போடாத. வந்துரு.”

அந்தப் பக்கம் ஒரு பாத்திரத்தை மெல்லக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு எந்தச் சத்தமும் இல்லை. லைன் போய்விட்டதோ என்று அவர் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். இருந்தது. மறுபடி காதில் வைத்தார். அது எத்தனை நேரம் என்று அவர் எண்ணவில்லை.

“சும்மா சொன்னா எப்படி?” என்றாள் பிலோமி. “பாடிச் சொல்லுங்க.”